விண்கலத்துக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருது? கண்காட்சிக்கு யோசனை சொல்லுங்கோ

#1 முறிப்பு ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அடுத்த தவணை எங்கட விஞ்ஞானக் கழகக் கண்காட்சி வருது. தலைப்பு விண்வெளி. சொன்ன உடனேயே பிள்ளைகள் அத்தனை பேரும் ரொக்கெற் செய்யப்போகினம் என்று நிக்கினம். செய்யட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரொக்கெற்றின் வேலை சில நிமிசங்களில் முடிஞ்சு போகும். அதுக்குப் பிறகு மேலே போன கலம் கண் திறக்கிறதும், வாய் திறந்து எங்களுக்கு ஒரு சேதி சொல்லுறதும் மின்சாரத்தால்தான். அந்த மின்சாரத்தை மனிசர் எப்படிக் கண்டுபிடிச்சினம் என்றதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேணும் என்பது என்ர பெரிய ஆசை.

நான் முதல் மேசைக்கு எடுத்து வைத்திருக்கிற கதை இது. 1957 ஒக்ரோபர் 4ஆம் திகதி சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவினது. மொத்த நிறை 83.6 கிலோ. அதில் பாதிக்கு மேல் வெள்ளி–நாகப் பற்றறிதான். 21 நாள் சத்தம் கேட்டது. பற்றறி இறங்கின பிறகும் 1958 ஜனவரி 4 வரை ஒரு சொல்லும் இல்லாமல் பூமியைச் சுற்றி, கடைசியில் எரிஞ்சு போச்சு.

அதே 1958 மார்ச் 17ஆம் திகதி அமெரிக்கா வான்கார்ட் 1 என்ற செய்மதியை அனுப்பினது. விட்டம் 16.5 சென்ரிமீற்றர், நிறை ஒன்றரைக் கிலோவும் இல்லை. அதுக்குள்ள இரண்டு ஒலிபரப்பிகள். ஒன்றுக்குப் பற்றறி, மற்றதுக்கு ஆறு சின்னச் சூரியக் கலங்கள். பற்றறியில் ஓடினது அந்த யூன் மாதமே நின்றுவிட்டது. சூரியக் கலத்தில் ஓடினது 1964 மே வரை கதைச்சது. ஒரே செய்மதி, ஒரே பாதை, மின்சாரம் மட்டும் வேறு. பரிசோதனை என்றால் என்ன என்று ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. வான்கார்ட் இன்றைக்கும் மேலே சுற்றிக்கொண்டுதான் இருக்கு. மனிசர் ஏவினவற்றில் இப்ப சுற்றுப்பாதையில் இருக்கிற ஆகப் பழையது அதுதான்.

அந்தச் சூரியக் கலம் பிறந்தது 1954இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில். சப்பின், புல்லர், பியர்சன் என்று மூன்று பேர். விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு 6 பங்கைத்தான் மின்சாரமாக்க முடிஞ்சது. தரையில் அது கட்டுபடியாகாத விலை. அதை வாங்கி வளர்த்துவிட்டது விண்வெளிதான்.

என்ர கேள்வி: விண்கலத்துக்கு மின்சாரம் குடுத்த கண்டுபிடிப்புகளில் ஆகப் பெரியது எது? கண்காட்சியில் நடு மேசையில் எதை வைக்கலாம்? துறை தெரிஞ்ச ஆட்கள் சொல்லுங்கோ.

#2 மாங்குளம் சோலார்

ரீச்சர், நான் வன்னிக்குள்ள தோட்டக் கிணறுகளுக்குச் சோலார் பம்ப் பூட்டுற ஆள். வீட்டுச் சோலாரும் செய்யிறனான். என்ர அனுபவத்தில ஒண்டு சொல்லுறன், பனலை நடு மேசையில வைக்காதேங்கோ. பற்றறியை வையுங்கோ.

விண்கலமும் லைன் இழுக்காத வீடுதான். பகல்ல பனல் குடுக்கும், இரவில ஆர் குடுக்கிறது? எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு இரவு. சர்வதேச விண்வெளி நிலையம் கிட்டத்தட்ட 90 நிமிசத்துக்கு ஒருக்கால் பூமியைச் சுத்துது. அதில 35 நிமிசம் மட்டில நிழலுக்குள்ள. அப்ப ஒரு நாளைக்குப் பதினாறு இரவு. வருசத்துக்கு 5,800 தரத்துக்கு மேல பற்றறி ஏறி இறங்க வேணும். எங்கட ஊரில வாங்கிற ஈயப் பற்றறியை அப்பிடி ஏத்தி இறக்கினா சில மாதத்தில தூக்கி எறிய வேண்டியதுதான்.

அவை முதல்ல பூட்டினது நிக்கல்–ஐதரசன் பற்றறி. 38,000 தரம் ஏறி இறங்கும் எண்ட கணக்கில செய்தது. ஆறரை வருசம். அந்தக் கணக்கு எப்பிடி நிண்டது தெரியுமோ? ஒவ்வொரு இரவும் பற்றறியில இருக்கிறதில நூற்றுக்கு 35 பங்குக்கு மேல எடுக்கிறேல்லை. மிச்சத்தைத் தொடுறேல்லை. நான் சனத்துக்கு இதைத்தான் தலைபாடாச் சொல்லுறனான், அடிமட்டும் இறக்காதேங்கோ எண்டு. இரவிரவா ரீவி ஓடி, விடிய பற்றறி செத்துப்போச்செண்டு ரெலிபோன் வரும்.

2017 ஜனவரியில தொடங்கி 2021 பெப்ரவரி மட்டும் அந்த 48 பற்றறியையும் கழட்டி, 24 இலிதியம்–அயன் பற்றறி பூட்டி முடிச்சினம். அதுவும் விண்வெளியில மிதந்துகொண்டு, தடிச்ச கையுறை போட்ட கையால. எனக்கு மரியாதை அந்தக் கைகளுக்குத்தான்.

#3 அறிவியல்நகர் பெடியன்

அண்ணை சொல்லுறது சரி, ஆனால் மனிசரைச் சந்திரனுக்குக் கொண்டுபோனது பற்றறியும் இல்லை, பனலும் இல்லை. எரிபொருட்கலம்.

நான் இங்க பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். எங்களுக்கு மின்பகுப்பு ஓ.எல். காலத்திலேயே வரும்: நீருக்குள் மின்சாரம் விட்டால் ஐதரசனும் ஒட்சிசனும் பிரியும். அதைத் தலைகீழாக்கினால் எரிபொருட்கலம். இரண்டு வாயுவையும் சேர்த்தால் மின்சாரமும் வரும், நீரும் வரும். 1839இலேயே வில்லியம் குரோவ் செய்து காட்டிவிட்டார். ஆனால் நூறு வருசத்துக்கு மேலாக ஒருவருக்கும் பிரயோசனப்படவில்லை. இங்கிலாந்தில் பிரான்சிஸ் தொமஸ் பேக்கன் என்ற பொறியியலாளர் 1930களில் தொடங்கி, அமிலத்துக்குப் பதிலாகப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, பிளாற்றினத்துக்குப் பதிலாக நிக்கல் என்று மாற்றி மாற்றிப் பார்த்து, 1959இல்தான் 5 கிலோவாற் தருகிற ஒன்றை ஓட்டிக் காட்டினார். அவருடைய காப்புரிமையில் பிறந்ததுதான் அப்பலோவில் போனது. ஒரு விண்கலத்தில் மூன்று அலகு. மின்சாரத்தோடு வந்த நீரைத்தான் அவர்கள் குடித்தார்கள்.

பக்கத்து நாட்டுக் கதையும் இருக்கு. 2024 ஜனவரி 1ஆம் திகதி இஸ்ரோ ஏவின பி.எஸ்.எல்.வி. சி58 ரொக்கெற்றின் கடைசிப் படியில் ஒரு எரிபொருட்கலத்தைப் பூட்டி, 350 கிலோமீற்றர் உயரத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். 180 வாற் கிடைத்தது. வருங்கால விண்வெளி நிலையத்துக்கான ஆயத்தம் அது.

#4 வவுனிக்குளத்தான்

சூரியனே எட்டாத இடத்துக்கு என்ன செய்யிறது? வொயேஜர் விண்கலங்கள் இரண்டும் 1977இல போனது, இன்னும் கதைக்குது. அதுக்குப் பனலும் இல்லை, எரிபொருட்கலமும் இல்லை. அதையும் சொல்லுங்கோ ஆராவது.

#5 முறிப்பு ரீச்சர்

அது கதிரியக்க வெப்பத்தில் ஓடுது. புளூட்டோனியம் 238 தன்பாட்டில் தேய்ந்துகொண்டு சூட்டை விடும். அரை ஆயுட்காலம் 87.7 வருசம். இரண்டு வேறு உலோகத்தை ஒட்டி, ஒரு முனையைச் சூடாகவும் மற்ற முனையைக் குளிராகவும் வைத்தால் மின்சாரம் ஓடும் என்று 1821இல் சீபெக் கண்டார். ஒரு பக்கம் புளூட்டோனியத்தின் சூடு, மறுபக்கம் விண்வெளியின் குளிர். அசையிற பாகம் ஒன்றும் இல்லை. 1961இல் ட்ரான்சிற் 4ஏ என்ற செய்மதியில் முதல் தடவை போனபோது கிடைத்தது 3 வாற்றும் இல்லை.

ஒவ்வொரு வொயேஜரிலும் இந்த மாதிரி மூன்று மின்பிறப்பாக்கி. புறப்படேக்க மூன்றும் சேர்ந்து 470 வாற் அளவில் தந்தன. ஒவ்வொரு வருசமும் 4 வாற் மட்டில் குறையுது. புளூட்டோனியம் தேயிறதும் உண்டு, மின்சாரம் தருகிற சந்திகள் பழுதாகிறதும் உண்டு. அதனால்தான் கருவிகளை ஒவ்வொன்றாக நிப்பாட்டி வருகினம். 2024 செப்ரெம்பரில் வொயேஜர் 2இன் பிளாஸ்மாக் கருவியை நிப்பாட்டினவை. நல்லா வேலை செய்துகொண்டிருந்த கருவி. கரண்ட் காணாது, அவ்வளவுதான். எந்தக் கேள்வியைக் கைவிடுறது, எதை இன்னும் கொஞ்ச நாளைக்குக் கேட்கிறது என்று அந்த விஞ்ஞானிகள் இருந்து தீர்மானிக்கிறதை நினைச்சால் எனக்கு மனம் கனக்குது.

#6 நந்திக்கடல்

ரீச்சர், பிள்ளைகளுக்கு இதன் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும்.

1964 ஏப்ரலில் ட்ரான்சிற் வரிசைச் செய்மதி ஒன்று சுற்றுப்பாதைக்குப் போகாமல் திரும்பி விழுந்தது. அதுக்குள்ள இருந்த புளூட்டோனியம் மேல்வளியில் எரிந்து உலகம் முழுக்கப் பரவியது. 1978 ஜனவரி 24ஆம் திகதி சோவியத்தின் கொஸ்மொஸ் 954, யுரேனியம் போட்ட அணு உலையோடு கனடாவின் வடக்கில் விழுந்து பனிக்காட்டில் சிதறியது. மாதக்கணக்கில் தேடியும் எல்லாத் துண்டும் கிடைக்கவில்லை. வானத்திலிருந்து விழுகிறது என்னவென்று முல்லைத்தீவில் பிறந்த எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. கீழே இருக்கிற சனத்தைக் கேட்காமல் மேலே அனுப்புகிற ஒன்றை நான் கண்டுபிடிப்பு என்று கொண்டாட மாட்டேன்.

#7 அறிவியல்நகர் பெடியன்

நந்திக்கடல் அக்கா/அண்ணை, உங்கட கவலை நியாயமானது. அந்த 1964 விபத்துக்குப் பிறகுதான் வடிவமைப்பே மாறினது. அதுக்கு முதல் எரிஞ்சு பரவட்டும் என்று விட்டவை, பிறகு விழுந்தாலும் உடையாத உறைக்குள்ள வைச்சினம். 1970இல் அப்பலோ 13 திரும்பேக்க அதோடு இருந்த புளூட்டோனியம் பசிபிக் சமுத்திரத்தில் தொங்கா ஆழியில் போய் விழுந்தது. கதிரியக்கம் கசிஞ்சதாகக் காணேல்லை.

இன்னொன்று. சூரியக் கலம் வளர வளர, புளூட்டோனியம் தேவைப்படுற இடமே சுருங்குது. வியாழனில் வெயில் எங்கட வெயிலில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். முந்தி அங்க போன கலமெல்லாம் கதிரியக்க மின்சாரத்தில் போனவை. 2016இல் போய்ச் சேர்ந்த ஜூனோ மூன்று பெரிய சூரியப் பனலோட போனது. ஒவ்வொன்றும் 9 மீற்றர் நீளம். பூமிக்குப் பக்கத்தில் 14 கிலோவாற் தரக்கூடிய பனல் அங்க 500 வாற் மட்டில்தான் தரும். அதில்தான் முழு ஆராய்ச்சியும் நடந்தது.

#8 நந்திக்கடல்

நான் அக்காதான். ஜூனோ கதைக்கு நன்றி தம்பி. உறை உடையாது என்கிறதை நான் ஏற்கிறேன். அதுக்கும் ஒரு மேசை வைத்து, விழுந்த இடங்களைப் படத்தில் குறிக்கச் சொல்லுங்கோ ரீச்சர்.

#9 ஒட்டுசுட்டான் ஐயா

பிள்ளைகளே, நான் வாசிக்க மட்டும் வாறனான். இண்டைக்கு எழுதத் தோன்றுது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள்ள பற்றறி வரக்கூடாது. மண்ணெண்ணெய் தங்கம் விலை. இரவில் படிக்க ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சு வைச்சுச் செய்த விளக்கு. செய்தி கேட்க வேணும் எண்டால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் ரயரில் டைனமோவைச் சாய்ச்சு விட்டு, ஒரு ஆள் கையால் பெடலைச் சுத்த வேணும். டைனமோவில் வாறது ஏசி. அதை அப்படியே குடுத்தால் றேடியோ உறுமும். பழைய றேடியோப் பலகையில் கழட்டின நாலு டயோட்டும், சுத்துற வேகம் கூடிக் குறையிறதைச் சமப்படுத்த ஒரு கப்பாசிற்றரும் போட்டால் குரல் தெளியும். கையைத் தளர்த்தினால் செய்தி வாசிக்கிறவரின்ர குரல் அமுங்கிப் போகும். என்ர மூத்த மகன் சுத்துவான், வளவில் இருக்கிற எல்லாரும் சுத்தி நிண்டு கேட்பினம். செய்தி முடிய உடனே நிப்பாட்டுவம். பாட்டுக்குச் சுத்த மாட்டம், ஏனெண்டால் மகனுக்கு விடிய வயல் வேலை இருக்கு.

எவ்வளவு கரண்ட் இருக்கெண்டு முதல் பார்த்து, பிறகு என்ன கேட்கிறதெண்டு தீர்மானிச்ச காலம் அது. வொயேஜரில் கருவியை நிப்பாட்டின கதையை வாசிக்கேக்க அதுதான் நினைவு வந்தது. ரீச்சர், அந்த டயோட் சுற்றை நான் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவன். டைனமோ இன்னும் கிடக்கு.

#10 முறிப்பு ரீச்சர்

ஐயா, கட்டாயம் வாங்கோ. நடு மேசைக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம்.

நீங்கள் சொன்னதை வாசிச்ச பிறகு எனக்குப் பீற் கொன்ராட் என்ற விண்வெளி வீரரைப் பற்றி எழுத வேணும் போல இருக்கு. சந்திரனில் நடந்த மூன்றாவது மனிசர் என்று புத்தகங்களில் ஒரு வரியில் போய்விடுவார். ஆனால் விண்கலத்தில் கரண்ட் போன பெரிய சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், மூன்றில் அவர் உள்ளே இருந்திருக்கிறார்.

முதலாவது 1965 ஓகஸ்ட், ஜெமினி 5. எரிபொருட்கலம் முதல் முதல் மனிசரோடு போன பயணம். போன அன்றே ஒட்சிசன் தாங்கியின் சூடாக்கி பழுதாகி அமுக்கம் இறங்கினது. கண்ணில் கண்ட ஆளிகளை எல்லாம் நிப்பாட்டி, குளிருக்குள்ள மிதந்துகொண்டு இருந்தார்கள். அந்தக் குறைந்த அமுக்கத்திலும் எரிபொருட்கலம் வேலை செய்யுமோ என்று தரையில் சோதித்துப் பார்த்து, செய்யும் என்று தெரிந்த பிறகு மெல்ல மெல்லத் திரும்பப் போட்டு, எட்டு நாளையும் முடித்துத்தான் இறங்கினார்கள்.

இரண்டாவது 1969 நவம்பர் 14, அப்பலோ 12. மழைக்குள்ள ஏவினவை. 36 செக்கனில் ஒரு மின்னல், 52 செக்கனில் இன்னொரு மின்னல். மூன்று எரிபொருட்கலமும் சுற்றிலிருந்து கழன்று போச்சு. பற்றறி பாரத்தைத் தாங்கினது. தரையில் இருந்த ஜோன் ஆரன் என்ற இளம் பொறியியலாளர், ஒரு வருசத்துக்கு முதல் ஒரு சோதனையில் இதே குழம்பின எண்களைக் கண்டு ஏன் என்று தேடிப்பார்த்து வைத்திருந்தவர். எந்த ஆளியைப் போட வேணும் என்று சொன்னார். கலத்துக்குள்ள அந்த ஆளி எங்க இருக்கென்று தெரிஞ்சவர் அலன் பீன். போட்டார். எண்கள் திரும்பி வந்தன, எரிபொருட்கலங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப இணைத்தார்கள்.

மூன்றாவதுதான் என்ர மனதுக்கு ஆகப் பிடிச்சது. 1973 மே 14ஆம் திகதி ஸ்கைலாப் என்ற ஆய்வுகூடம் ஆளில்லாமல் மேலே போனது. ஏவி ஒரு நிமிசம் கழிய அதன் வெளிக் கவசம் பிய்ந்து, ஒரு சூரியச் சிறகையும் கொண்டுபோய்விட்டது. மற்றச் சிறகு விரியவே இல்லை. பிய்ந்த கவசத்தின் ஒரு அலுமினியப் பட்டி அதைச் சுற்றி இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருந்தது. உள்ளே 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடு. கொன்ராட், கேர்வின், வைற்ஸ் மூன்று பேரும் பதினொரு நாள் கழித்துப் போய், முதலில் ஒரு குடைத்துணியை வெளியே விரித்துச் சூட்டைத் தணித்தார்கள். யூன் 7ஆம் திகதி கொன்ராட்டும் கேர்வினும் வெளியே இறங்கினார்கள். நீளமான கம்பத்தின் நுனியில் கம்பி வெட்டுகிற கத்தரி. அதைப் பட்டியில் கொளுவ வேணும், ஆனால் காலூன்ற இடமில்லை. கம்பத்தைத் தள்ளினால் ஆள் மற்றப் பக்கம் போவார். கேர்வின் தன்னைக் கட்டியிருந்த கயிற்றைக் குறுக்கிக் கட்டி, காலை ஊன்றக்கூடிய மாதிரிச் செய்த பிறகுதான் கத்தரி நிலைச்சது. பட்டி அறுந்தது. அப்பவும் சிறகு முழுக்க விரியவில்லை, பிணைச்சல் குளிரில் இறுகிக் கிடந்தது. இரண்டு பேரும் கயிற்றுக்குக் கீழே தோளைக் குடுத்து எழும்பினார்கள். பிணைச்சல் விட, இரண்டு பேரும் வெளியே எறியப்பட்டு, கட்டின கயிற்றில் தொங்கினார்கள். சிறகு விரிஞ்சது. மின்சாரம் வந்தது.

அந்த மின்சாரம் இல்லையென்றால் ஸ்கைலாப்பின் சூரிய ஆராய்ச்சியும் இல்லை, அடுத்து அலன் பீனின் குழு கொண்டுபோன சிலந்தி ஆராய்ச்சியும் இல்லை. பாரமில்லாத இடத்தில் சிலந்தி வலை பின்னுமோ என்று கேட்டது ஜூடித் மைல்ஸ் என்ற 17 வயசுப் பள்ளிக்கூடப் பிள்ளை. பின்னினது. முதல் வலை தாறுமாறு, பிறகு பழகிவிட்டது.

#11 மாங்குளம் சோலார்

ரீச்சர், அந்தப் பிணைச்சல் கதையை வாசிச்சு எனக்கு மயிர் கூச்செறியுது. நாங்கள் வாற்றையும் வோல்ற்றையும் கதைக்கிறம். களத்தில காலை வாரிறது இரும்புச் சாமான்தான். கிறீஸ், பிணைச்சல், ஆணி.

இன்னொண்டு சொல்லுறன். விண்வெளி நிலையத்தின்ர பனல்கள் சூரியனைப் பார்த்துத் திரும்ப, மூண்டு மீற்றர் விட்டத்தில ஒரு பெரிய வளைய மூட்டு இருக்கு. 2007இல அது நடுங்கத் தொடங்கினது. திறந்து பார்த்தா இரும்புத் துருவல். பூச்சு உரிஞ்சு, உலோகத்தோட உலோகம் அரைபட்டிருக்கு. 2008 நவம்பரில போய்த் துடைச்சு, தாங்கிகளை மாத்தி, கிறீஸ் பூசினவை. அந்த வேலைக்குள்ள கிறீஸ் அடிக்கிற துவக்கு பையுக்குள்ளேயே கசிஞ்சு போச்சு. ஹைடிமேரி எண்ட வீராங்கனை கையுறையைத் துடைச்சுக்கொண்டிருக்கேக்க, வேலைச் சாமான் பை அப்பிடியே மிதந்து போட்டுது. பக்கத்தில நிண்டவரின்ர பையைப் பங்கு போட்டு, அண்டைய வேலையை அண்டைக்கே முடிச்சிட்டு வந்தவ.

அதுக்குப் பிறகு 2021 தொடக்கம் பூட்டுற புதுப் பனல்கள் சுருட்டிக்கொண்டு போறவை. விரிக்க மோட்டர் இல்லை. சுருட்டின தண்டு தன்ர விசையில தானே நிமிரும். ஒண்டு 20 கிலோவாற்றுக்கு மேல குடுக்கும். அசையிற பாகத்தைக் குறைச்சதுதான் எனக்கு அதில பெரிய விசயம்.

#12 வவுனிக்குளத்தான்

மின்சாரத்தால விண்கலத்தை ஓட்டுறதும் இருக்கெல்லோ? அயன் எஞ்சின்.

#13 அறிவியல்நகர் பெடியன்

ஓம். செனன் வாயுவின் அணுக்களை மின்னேற்றி, மின்புலத்தால் மிகப் பெரிய வேகத்தில் வெளியே தள்ளுறது. சோவியத் 1971இலேயே மெத்தியோர் செய்மதியில் அதன் ஒரு வகையை ஓட்டினது. நாசாவின் டோன் 2007இல் புறப்பட்டு, 2011இல் வெஸ்ரா என்ற சிறுகோளையும் 2015இல் சீரஸ் என்ற குறுங்கோளையும் சுற்றினது. பூமிக்கு வெளியே இரண்டு பொருளைச் சுற்றின ஒரே கலம் அது. உந்துவிசை ஆகக்கூடினால் 91 மில்லிநியூற்றன், ஆனால் வருசக்கணக்கில் நிக்காமல் தள்ளும். கொண்டுபோனது 425 கிலோ செனன்தான். அதுக்கும் அடியில் இருக்கிறது சூரியப் பனல்.

மேலே எடுக்கிற கரண்டைக் கீழே அனுப்பலாமோ என்று பிள்ளைகள் கேட்பினம், அதுக்கும் ஆயத்தமாக இருங்கோ ரீச்சர். 1968இல் பீற்றர் கிளேசர் சொன்ன யோசனை. 2023இல் கல்ரெக் பல்கலைக்கழகம் சுற்றுப்பாதையில் ஒரு சின்னக் கருவியை வைத்து, கம்பியில்லாமல் மின்சாரத்தை ஓர் அடி தூரத்துக்கு அனுப்பி எல்.ஈ.டி. எரிச்சது. அதன் கதிரைக் கலிபோர்னியாவிலும் பிடிச்சினம். வீட்டுக்கு வர இன்னும் கனகாலம்.

#14 கச்சான் தோட்டம்

நான் விவசாய பீடம், இரண்டாம் வருசம். எல்லாரும் மின்சாரத்தையே கதைக்கிறீங்கள், அந்த மின்சாரத்தால் என்ன ஆராய்ச்சி செய்யினம் என்றதைக் கொஞ்சம் சொல்லட்டோ.

2024 டிசம்பர் 30ஆம் திகதி இஸ்ரோ ஏவின பி.எஸ்.எல்.வி. சி60இல் எட்டு விதை போனது. என்ன விதை தெரியுமோ? கௌப்பி! எங்கட மேட்டுநிலத்தில் உழுந்தோடும் பயறோடும் போடுற அதே கௌப்பி. சின்ன மூடின பெட்டி, சூடு கட்டுப்படுத்துற ஒழுங்கு, கமெரா. நாலாம் நாள் முளைச்சிட்டுது, பிறகு இலையும் விட்டது. செய்தியை வாசிச்ச அன்று நான் விடுதி முழுக்கச் சொல்லித் திரிஞ்சேன்.

அதைவிட எனக்குப் பிடிச்சது அந்தப் பெட்டி இருந்த இடம். வேலை முடிஞ்ச ரொக்கெற்றின் நாலாம் படி. வழக்கமாக அது குப்பை. அதன் தாங்கியைச் சுற்றிச் சூரியக் கலத்தை ஒட்டி, ஒரு இலிதியம் பற்றறியை வைத்து, அதையே ஆய்வுகூடமாக்கி இருக்கினம். அந்த ஒரு படியில் 24 ஆராய்ச்சி. கெதியா முளைக்கிற பயிரை எடுத்ததும் காலத்தையும் கரண்டையும் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். மிளகாயை வைச்சிருந்தால் முளையைக் காண இரண்டு கிழமைக்குக் கிட்டப் போகும்.

விண்வெளி நிலையத்தில் 2014 தொடக்கம் வெஜி என்ற கருவியில் கீரை வளர்க்கினம், 2015 ஓகஸ்டில் சலாது இலையைச் சாப்பிட்டும் பார்த்தவை. அங்க செடிக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது, வெளிச்சம்தான் திசை காட்டும். வேரடியில் விட்ட தண்ணி கீழே வடியாது, அப்படியே ஒட்டிக்கொண்டு வேருக்குக் காற்றுப் போகாமல் மூடும். தண்ணி விடுறதுதான் அங்க பெரிய கலை.

ரீச்சர், நடு மேசையில் கௌப்பிப் பெட்டியை வையுங்கோ. ஒரு செய்மதிக்குக் கிடைக்கிற அளவு கரண்டை மட்டும் அதுக்குக் குடுங்கோ. பிள்ளைகள் தாங்களே பங்கிடட்டும்.

#15 முறிப்பு ரீச்சர்

பிள்ளை, இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தது. எவ்வளவு கரண்ட் குடுக்கிறது? மாங்குளம் அண்ணை, கணக்குப் போட்டுத் தாறீங்களோ?

#16 மாங்குளம் சோலார்

போட்டாச்சு. எங்கட நாட்டின்ர ராவணா 1 செய்மதியை அளவாக எடுத்தனான். 10 சென்ரிமீற்றர் கனசதுரம், நிறை ஒரு கிலோ மட்டில. இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் யப்பானில கியூஷு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில செய்தது. 2019 யூன் 17 விண்வெளி நிலையத்தின்ர யப்பான் பகுதியால வெளியில விட்டவை.

பூமிக்குப் பக்கத்தில வெயில் சதுர மீற்றருக்கு 1,361 வாற். பெட்டியின்ர ஒரு பக்கத்தில 30 சதுர சென்ரிமீற்றர் கலம் இரண்டு ஒட்டலாம். மொத்தம் 60. அதில விழுகிற வெயில் 8.2 வாற். நல்ல விண்வெளிக் கலம் நூற்றுக்கு 30 பங்கு பிடிக்கும். அப்ப கிட்டத்தட்ட இரண்டரை வாற், அதுவும் ஒரு பக்கம் நேர வெயிலைப் பார்க்கேக்க. நிழல் நேரத்தையும் கழிச்சா சராசரி ஒண்டரை வாற் எண்டு வையுங்கோ.

அந்த ஒண்டரை வாற்றுக்குள்ள கொம்பியூற்றர், தொடர்பு, கமெரா, விளக்கு எல்லாம் ஓட வேணும். செய்மதியில சேதி அனுப்பிற நேரத்திலதான் ஆகக் கூட இழுக்கும். அப்ப மிச்சத்தை நிப்பாட்ட வேணும்.

#17 நந்திக்கடல்

90 நிமிசத்தில் 55 நிமிசம் வெயில், 35 நிமிசம் இருட்டு என்று ஒரு ரைமர் வைத்து உண்மையாகவே வெட்டுங்கோ. இருட்டில் பற்றறி. பிள்ளைகள் அப்பதான் உணருவினம்.

#18 அறிவியல்நகர் பெடியன்

ரைமர் சுற்று என்ர பொறுப்பு. ஒரு விசயம்: பெட்டிக்குள்ள சூடு. தரையில் சூடான காற்று மேலே எழும்பித் தன்பாட்டில் சுழலும். சுற்றுப்பாதையில் எழும்பாது, விளக்கு வைச்ச இடத்திலேயே சூடு தேங்கும். காற்றைக் கலக்கச் சின்ன விசிறி வேணும், விசிறிக்கும் கரண்ட் வேணும். அதோட பெட்டியின் சூட்டை வெளியே விட விண்வெளியில் காற்றில்லை, கதிர்வீச்சால்தான் போகும். மேசையில் விசிறியையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நாங்கள் பிள்ளைகளுக்குப் பொய் சொன்ன மாதிரி.

#19 முறிப்பு ரீச்சர்

சேர்ப்பம். விளக்கு, விசிறி, கமெரா, சேதி அனுப்புகிற நேரம் நாலுக்கும் ஒண்டரை வாற். தரம் 10 பிள்ளைகளை நாலு குழுவாகப் பிரிக்கிறேன், ஒவ்வொரு குழுவும் தன்ர கருவிக்காக வாதாட வேணும். சேர்த்து ஒரு அட்டவணை எழுதி ஒட்டட்டும். இரண்டு பெட்டி வைப்பம்: ஒன்றுக்கு முழுக் கரண்ட், ஒன்றுக்கு அட்டவணைக் கரண்ட். விதை ஒரே நாளில் போட வேணும்.

ரொக்கெற் செய்யிற பிள்ளைகளுக்கும் ஒரு வேலை வைச்சிருக்கிறேன். ரொக்கெற்றின் கடைசிப் படியைக் கொஞ்சம் பெரிசாச் செய்து தரட்டும், கௌப்பிப் பெட்டி அதுக்குள்ளதான் இருக்கப்போகுது.

#20 கச்சான் தோட்டம்

ரீச்சர், விதை நான் கொண்டு வாறேன். போன சிறுபோகத்தில் எடுத்தது, முளைதிறன் பார்த்து வைச்சிருக்கு. ஒரு பெட்டிக்கு எட்டு விதை என்று இரண்டுக்கும் தாறேன். மண் போடாதேங்கோ, ஈரம் பிடிக்கிற களிமண் குறுணி கொஞ்சம் பீடத்தில் கேட்டு எடுக்கலாம்.

#21 மாங்குளம் சோலார்

சின்னப் பனல் ஒண்டு கழட்டினது கிடக்கு, மூலையில வெடிப்பு, ஆனா வேலை செய்யும். சனிக்கிழமை முறிப்புப் பக்கம் ஒரு பம்ப் பார்க்க வரவேணும், அப்ப பள்ளிக்கூடத்தில தந்திட்டுப் போறன். ஒட்டுசுட்டான் ஐயா, டைனமோவையும் உங்களையும் ஏத்திக்கொண்டு வரவோ?

#22 ஒட்டுசுட்டான் ஐயா

வா தம்பி. ஒரு சைக்கிளும் ஏத்த வேணும்.